மூட்டம் பார்த்துப் பசை பூசுங்கள்: மரப் பேனாவுக்கு முதல் மினுக்கம்

கோத்தகிரியில் ஓர் அக்டோபர் மதியம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் கடைந்த முதல் தேயிலை மரப் பேனாவுக்குப் பசைப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து பூச்சு வரை கண்ணாடி மாதிரி வந்தது. ஆறாவதைப் பூசும்போது எதிர்ச்சரிவிலிருந்து மூட்டம் ஏறி வந்து ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தது. பத்து நிமிடத்தில் பேனா மேல் வெள்ளை வெள்ளையாக மாவு பூத்தது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. பசைதான் பழசு என்று நினைத்துப் புதுப் பாட்டில் வாங்கிப் பூசினேன். அதுவும் வெளுத்தது. பசையில் கோளாறு இல்லை, நான் பூசிய நேரத்தில்தான் கோளாறு என்று புரிவதற்குள் அந்த மழைக்காலமே முடிந்துவிட்டது.

லேத்தில் பேனா கடையக் கற்றுக்கொண்டு, அடுத்து மினுக்கம் கொடுக்க வேண்டிய இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமவெளியில் இருப்பவர்களுக்கும் உதவும். ஆனால் நீலகிரியில், கொடைக்கானலில் பட்டறை வைத்திருப்பவர்கள் கூடுதலாகச் சில விஷயங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பசை எப்படி இறுகுகிறது

நாம் பூசப்போவது சயனோஅக்ரிலேட். பெயர்தான் புதிது. பிய்ந்த செருப்பையும் உடைந்த பொம்மையையும் ஒட்டப் பெட்டிக்கடையில் ஃபெவிக்விக் என்று கேட்டு வாங்குகிறோமே, அதே குடும்பம். 1942இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவரின் குழு, துப்பாக்கியின் குறிநோக்கிக்காகத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தபோது இது தட்டுப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958இல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது.

இறுகிவிட்டால் இது தெளிவான, கடினமான ஒரு பிளாஸ்டிக். பேனாவுக்கு இது ஒத்துவருவது அதனால்தான். பேனா நாள் முழுக்க வியர்வைக் கையில் புழங்கும் பொருள். மெழுகு மட்டும் போட்டால் சில வாரங்களில் மங்கிவிடும். அரக்கில் செய்யும் பிரெஞ்சு பாலிஷ் அழகுதான், ஆனால் அது ஸ்பிரிட்டில் கரையும். சானிடைசர் தடவிய கையோடு பேனாவை எடுத்தால் பிசுபிசுக்கும். மரத்தின் தொடுகை அப்படியே விரலுக்குத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் பசைப் பூச்சு பிடிக்காது. அவர்கள் மெழுகோடு நிறுத்திக்கொள்வதே சரி.

முக்கியமான விஷயம் இதுதான். பெயின்ட் ஈரம் போனால் காயும். இந்தப் பசை ஈரம் பட்டால் இறுகும். காற்றிலும் மரத்தின் மேற்பரப்பிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரம்தான் இதை இறுகச் செய்கிறது. ஈரம் அளவாக இருந்தால் நிதானமாக, தெளிவாக இறுகும். அளவு மீறினால், பசையிலிருந்து எழும் ஆவி காற்றிலேயே இறுகிப் பொடியாகி மரத்தின் மேல் படியும். அன்றைக்கு நான் பார்த்த வெள்ளை மாவு அதுதான். அதோடு குளிர் அதிகமானால் இறுகுவது தாமதமாகும். மேலே இறுகினாலும் அடியில் பிசுக்கென்று இருக்கும்.

காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம், அறையின் வெப்பம் 20 டிகிரிக்கு மேல். இது கிடைத்தால் போதும். இரண்டையும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கி லேத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். விலை அதிகமில்லை. விலை உயர்ந்த பாலிஷ் வாங்குவதற்கு முன்னால் இதை வாங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

மலையில் எந்த நேரம்

கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழைதான் பெரிது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி; அப்போது காற்று ஓரளவு காய்ந்திருக்கும், ஆனால் குளிர் பசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிப்ரவரியும் மார்ச்சும் நமக்கு நல்ல மாதங்கள். மற்ற மாதங்களில் வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணியிலிருந்து மதியம் வரை பாருங்கள். காலையில் நீர்ப்பனி படிந்த தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கும்போது பூச்சைத் தொடாதீர்கள். கடைவதையும் தேய்ப்பதையும் அந்த நேரத்தில் வைத்துக்கொண்டால் பொழுது வீணாகாது.

மழை விடவே இல்லை, பேனாவை முடித்தாக வேண்டும் என்றால் அறையைச் சூடாக்குங்கள். காற்று சூடானாலே அதன் ஈரப்பதம் இறங்கும். மின்சார ஹீட்டரை ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். கேஸ் அடுப்பை எரித்துச் சூடாக்குவது பயன் தராது, கேஸ் எரியும்போதே நீராவி வரும். அதே அறையில் டீக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பதும் கூடாது. கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இல்லாமல் உயிரை எடுத்துவிடும்.

மரம் காய்ந்திருக்கிறதா

பூச்சு விரிசல் விட்டால் எல்லோரும் பசையைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் காரணம் மரம். நம் ஊரில் வெட்டி, நம் ஊரிலேயே ஷெட்டில் வைத்த மரம் எத்தனை மாதம் ஆனாலும் சமவெளி மரம் அளவுக்குக் காய்வதில்லை. அந்தப் பேனாவை ஒருவர் ஏப்ரல் மாதம் கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ எடுத்துப்போனால் மரம் சுருங்கும். உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் சுருங்காது. வெடித்துத்தான் ஆக வேண்டும்.

அதனால் கட்டையைச் சின்னதாக, ஐந்து அங்குல நீளம், முக்கால் அங்குலச் சதுரமாக அறுத்து, சமையலறைத் தராசில் எடை போட்டு, கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். 60 வாட் குண்டு பல்பு எரியும் மரப்பெட்டியில், பல்பில் படாமல் அடுக்கி வையுங்கள். வாரம் ஒரு தடவை எடை போடுங்கள். எடை இறங்கிக்கொண்டே வரும். தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் கட்டை தயார்.

தேயிலை மரம் முதல் பேனாவுக்கு அருமையானது. மறுநடவுக்காகப் பழைய செடிகளைப் பிடுங்கும்போது அடித்தண்டு கிடைக்கும். கெட்டியான, நெருக்கமான இழை, வெளிர் நிறம், பசையை ஒரே சீராகக் குடிக்கும். சில்வர் ஓக்கை நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய வாக்கில் சரியாக அறுத்தால் ஜரிகை மாதிரி புள்ளி புள்ளியாக மின்னும், பூச்சுக்கு அடியில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும். கொஞ்சம் கை பழகிய பிறகு எடுங்கள். தோதகத்தி (ரோஸ்வுட்) கிடைத்தால், அது பழைய மேஜை நாற்காலியின் துண்டாக இருக்கட்டும். அந்த மரத்தில் எண்ணெய்ப் பசை இருப்பதால் பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த டிஷ்யூவால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் பூச்சு உரிந்துவிடும்.

ஸ்வெட்டரைக் கழற்றுங்கள்

இதைச் சமவெளியில் அவ்வளவாக யாரும் சொல்லித்தர மாட்டார்கள். இந்தப் பசை பருத்தியிலும் கம்பளியிலும் அதிகமாகப் பட்டால் சட்டென்று இறுகிச் சூடேறும். புகை வரும், தோல் வெந்துவிடும், தீப்பிடிக்கவும் கூடும். நாமோ ஆண்டு முழுவதும் கம்பளியில் இருக்கிறவர்கள். மஃப்ளரும் சால்வையும் சுழலும் லேத்தில் சிக்கினால் அது வேறு ஆபத்து. இரண்டு காரணத்துக்காகவும் கம்பளியைக் கழற்றி வைத்துவிட்டு, மேலே ரெக்சின் அல்லது பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டிக்கொள்ளுங்கள். பூசுவதற்குப் பனியன் துணி, பஞ்சு, வேட்டித் துணி எதுவும் ஆகாது. சமையலறை டிஷ்யூ பேப்பர் மட்டும்.

கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சுழலும் பேனாவிலிருந்து துளி தெறிக்கும். கைக்கு நைட்ரைல் கையுறை. பசையின் ஆவி மூக்கையும் கண்ணையும் எரிக்கும். ஜன்னலைத் திறந்தால் மூட்டம் வரும், மூடினால் ஆவி தங்கும். இதற்கு நான் செய்திருப்பது: காற்றை வெளியே தள்ளும் சின்ன மின்விசிறி ஒன்றை லேத்துக்குப் பின்னால் சுவரில் பதித்து, எதிர்ப்பக்கக் கதவை ஒரு விரல் அளவு மட்டும் திறந்து வைப்பது. ஆவி முகத்துக்கு வராமல் பின்னால் போய்விடும்.

விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து மெல்ல உருட்டினால் விடும். கண்ணில் பட்டால் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூசும் முறை

பசை இரண்டு பதத்தில் வேண்டும். ஒன்று தண்ணீர் மாதிரி ஓடுவது, இன்னொன்று விளக்கெண்ணெய் மாதிரி நிதானமாக வழிவது. பெட்டிக்கடை டியூபிலும் பழகலாம், ஆனால் அது சின்ன அளவு, பாதி வழியில் தீர்ந்துவிடும். 20 அல்லது 50 கிராம் பாட்டில் ஆன்லைனில் கிடைக்கிறது.

கடையும்போதே பேனாவின் இரு முனையும் புஷ்ஷிங்கை (மரத்தின் இரு பக்கமும் அளவுக்காக மாட்டும் இரும்பு வளையம்) விட ஒரு மயிரிழை, சுமார் 0.1 மில்லிமீட்டர், கீழே இருக்கட்டும். பூச்சு ஏறினால் சரிசமமாக வந்துவிடும். பிறகு 150, 220, 320, 400 என்ற வரிசையில் உப்புத்தாள். ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் லேத்தை நிறுத்தி, மர இழையின் போக்கிலேயே நீளவாக்கில் நாலு இழுப்பு இழுங்கள். சுற்றுக் கீறல் மரத்தில் மிச்சம் இருந்தால் பூச்சு அதை மறைக்காது, பூதக்கண்ணாடி வைத்த மாதிரி எடுத்துக் காட்டும். தூளைத் தட்டித் துடைத்துவிடுங்கள்.

இரும்புப் புஷ்ஷிங்கில் பசை ஒட்டிக்கொண்டால் கழற்றும்போது பூச்சும் சேர்ந்து பெயரும். பசை ஒட்டாத டெஃப்ளான் அல்லது டெல்ரின் பிளாஸ்டிக் கூம்புகளை மாற்றிவிட்டுப் பூசுவது நல்லது. இல்லாவிட்டால் புஷ்ஷிங்கில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள், ஆனால் மெழுகு மரத்தில் படக்கூடாது.

சரி, இப்போது பசை. லேத் மெதுவாக, நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்று. டிஷ்யூவை இரண்டு விரல் அகலத்துக்கு நான்காக மடித்து, பேனாவுக்கு அடியில் தொட்டும் தொடாமலும் பிடியுங்கள். தண்ணீர்ப் பதப் பசையை மேலிருந்து இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். விட்ட உடனே டிஷ்யூவை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் நகர்த்துங்கள். இரண்டு போக்குவரத்து போதும், எடுத்துவிடுங்கள். மொத்தம் மூன்று நொடி. நான்காவது நொடியில் விரலுக்கு அடியில் ஒரு பிடிப்பு தெரியும், வழுக்கிக்கொண்டிருந்தது திடீரென்று இழுக்கும். அதற்கு முன்னாலேயே கை விலகியிருக்க வேண்டும். இழுத்த பிறகும் தேய்த்தால் டிஷ்யூ நார் ஒட்டும், வரி வரியாக மேடு விழும். தொடக்கத்தில் எல்லோருக்கும் கை தாமதமாகத்தான் விலகும். மிச்சத் துண்டுக்கட்டை ஒன்றில் பத்துத் தடவை பழகிவிட்டுப் பேனாவுக்கு வாருங்கள்.

ஒவ்வொரு பூச்சுக்கும் டிஷ்யூவின் புது இடம். முதல் மூன்று பூச்சும் தண்ணீர்ப் பதம். மரம் குடித்துக்கொள்ளும், பளபளப்பு தெரியாது, கவலை வேண்டாம். அடுத்து எண்ணெய்ப் பதத்தில் ஆறு முதல் எட்டுப் பூச்சு. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெயில் காலத்தில் இரண்டு நிமிடம் போதும். குளிரில் ஐந்து, சில நாள் பத்து. சந்தேகம் இருந்தால் முனைப் பக்கம் புறங்கை நகத்தால் தொட்டுப் பாருங்கள். சீக்கிரம் முடிக்கலாம் என்று ஒரே தடவையில் தடிமனாகப் போட்டால் பசை தன் சூட்டிலேயே கொதித்துக் குமிழ் விடும்.

பூசும்போது கரண்ட் போனால் பதற வேண்டாம். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுவது இங்கே வாடிக்கை. லேத் நின்றவுடன் பசை அடிப்பக்கம் இறங்கத் தொடங்கும். இடது கையால் சக்கரத்தைப் பிடித்து, அரை நிமிடம் சீராக உருட்டிக்கொண்டே இருங்கள். அதற்குள் நகராத பதத்துக்கு வந்துவிடும்.

பசையை உடனே இறுக வைக்கும் ஆக்டிவேட்டர் ஸ்பிரே என்று ஒன்று விற்கிறார்கள். குளிர்காலத்தில் ஆசையாகத்தான் இருக்கும். புதியவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. பக்கத்தில் வைத்து அடித்தால் பசை நுரைத்து வெளுக்கும். அடித்தே ஆக வேண்டும் என்றால் ஓர் அடி தள்ளி நின்று, ஒரே ஒரு தடவை. ஹீட்டர் எரியும்போது ஸ்பிரேயும் அசிட்டோனும் அதன் பக்கமே வரக்கூடாது, இரண்டும் எளிதில் தீப்பிடிப்பவை.

லின்சீடு எண்ணெய் கலந்து பூசும் முறையும் இருக்கிறது. பழகியவர்கள் கையில் நன்றாக வரும். அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் இந்தக் கட்டுரையில் அதற்குள் போகவில்லை.

தேய்த்துப் பளபளப்பாக்குவது

கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு மணி நேரம் விடுங்கள். குளிர் என்றால் மறுநாள். இப்போது பேனா பளபளப்பாக இருந்தாலும் தடவினால் மேடு பள்ளம் தெரியும். 600 தாளை லேசாகப் பிடித்து மெதுவான வேகத்தில் தேய்த்துவிட்டு, லேத்தை நிறுத்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முழுவதும் ஒரே மாதிரி மங்கலாக இருக்க வேண்டும். அங்கங்கே பளபளவென்று புள்ளி தெரிந்தால் அவையெல்லாம் பள்ளம், தாள் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. புள்ளி மறையும் வரை தேயுங்கள். பளபளப்பைக் கையாலேயே கெடுக்கிறோமே என்று மனசு வராது. முதல் பேனாவில் நான் இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்; பல்பின் நிழல் அதில் இன்றைக்கும் நெளிந்துதான் தெரிகிறது.

தேய்க்கும்போது எங்காவது மரத்தின் நிறம் சட்டென்று மாறினால் பூச்சைத் தாண்டி மரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்படியே நிறுத்தி, துடைத்து, மறுபடி நாலு பூச்சு போட்டுத் தொடரலாம். ஒன்றும் கெட்டுவிடாது.

அடுத்த தாள்களுக்குத் தண்ணீர் வேண்டும், உலர்ந்த தேய்ப்பில் சூடேறிப் பூச்சு இளகும். தண்ணீர் தொடும் முன் பேனாவின் இரு முனையிலும் வெட்டுப் பகுதியில் தண்ணீர்ப் பதப் பசையை ஒரு சொட்டுத் தடவி அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் மரம் அங்கிருந்து தண்ணீரை உறிஞ்சி, பூச்சுக்கு அடியில் வெளுக்கும். மைக்ரோமெஷ் என்ற ஒன்பது மெத்தைகள் கொண்ட செட் 1500 முதல் 12000 வரை வரும். கிடைக்காவிட்டால் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் கடையில் 800, 1000, 1500, 2000 வாட்டர் பேப்பரும் ரப்பிங் காம்பவுண்டும் கேளுங்கள், அருமையாக வேலை செய்யும். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம், நடுநடுவே பேனாவைத் துடைப்பது, அவ்வளவுதான். எதையும் தாண்டிக் குதிக்காதீர்கள். 800 விட்ட கீறலை 2000 எடுக்காது. கடைசியாக கார் பாலிஷ் ஒரு பொட்டு.

முடிந்ததா என்று பார்க்க, மேலே எரியும் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பேனாவில் பாருங்கள். நூல் பிடித்த மாதிரி நேராக, ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் முடிந்தது.

கழற்றும்போது புஷ்ஷிங்கும் மரமும் சேரும் கோட்டில் கூர்மையான கத்தியை வைத்து, லேத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். பூச்சு அங்கே அறுபடும், பிறகு திருகி எடுக்கலாம். இதைச் செய்யாமல் இழுத்தால் ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் சில்லுப் பெயரும். முனையைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்த 400 தாளில் செங்குத்தாகப் பிடித்து இரண்டு தேய்ப்பு. ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு மறுநாள் பேனாவை அழுத்திப் பொருத்துங்கள்.

வெள்ளை பூத்துவிட்டால்

மேலோட்டமான வெள்ளை என்றால் 600 தாளில் தேய்த்தாலே போய்விடும். காய்ந்த மதியம் ஒன்றைப் பார்த்து மேலே இரண்டு மெல்லிய பூச்சு போடுங்கள். தேய்த்தும் போகாமல் உள்ளே புகைபோல நின்றால் மரத்திலேயே ஈரம் இருந்திருக்கிறது. முழுப் பூச்சையும் உளியால் எடுத்துவிட்டு, கட்டையை ஒரு வாரம் பல்புப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். பூச்சு தகடாக உரிந்தால் எண்ணெயோ மெழுகோ காரணம். அசிட்டோனில் துடைத்து முதலிலிருந்து வாருங்கள். இழையின் போக்கில் நீளமாக ஒரு கோடு விழுந்தால் அது மரம் சுருங்கிய விரிசல். தண்ணீர்ப் பதப் பசையை ஒரு சொட்டு விட்டால் கோட்டுக்குள் தானே ஓடி நிரப்பும்; தேய்த்துப் பாலிஷ் போட்டால் மறையும். ஆனால் அடுத்த கோடை வரைக்கும் அந்தப் பேனாவை விற்காதீர்கள், கையிலேயே வைத்துப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் பாட்டில் மூக்கை டிஷ்யூவால் துடைத்து மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பிரிக்காத பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கலாம், சாப்பாட்டுப் பொருளோடு சேராமல், குழந்தைகள் கைக்கு எட்டாமல். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் திறக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் வெளியே வைத்து, பாட்டிலின் மேல் வியர்த்த தண்ணீர் காய்ந்த பிறகு திறவுங்கள். நம் ஊர்க் குளிரில் அதற்கு மூன்று மணி நேரம்கூட ஆகும்.